என் தட்டுக்கென்று எழுதிய சீட்டு

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தந்த மனநல மருத்துவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவள். அதே சீட்டின் அடியில் ‘டயட்டீஷியனைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தாரே, அதற்கு இன்னொரு ஆயுளும் கடன்படலாம். தூத்துக்குடியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மாத்திரை, கவுன்சலிங், சாப்பாடு மூன்றும் சேர்ந்துதான் என்னை மறுபடியும் கரும்பலகை முன்னால் நிறுத்தின. முதல் இரண்டைப் பற்றி ஊரில் இப்போது ஓரளவு பேச்சு இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் ஸ்டாஃப் ரூம், பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீட்டுப் பந்தி என்று போகிற இடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இங்கேயும் சொல்லப் போகிறேன்.

பாதாம், வால்நட், சியா விதை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை மனதில் வைத்து இதைப் படிக்காதீர்கள். என் ரத்தப் பரிசோதனை, என் மாத்திரை, என் பள்ளி மணி, என் வீட்டு அடுப்பு, என் சம்பளம் எல்லாவற்றையும் பார்த்து, ஒருவர் எனக்கென்று உட்கார்ந்து வகுத்துக் கொடுத்த சாப்பாட்டு முறை இது. எவ்வளவு அருமையான வேலை அது! இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நாற்பது வயது தாண்டும் வரை எனக்குத் தெரியாது.

மனச்சோர்வு வந்தால் முதலில் ஓடிப்போவது பசிதான். விடியற்காலை 4 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. 5 மணிக்கு ஒரு டீ. 7 மணிக்கு இன்னொரு டீயும் இரண்டு ரஸ்க்கும். மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோன கனத்தோடேயே வீட்டுக்குத் திரும்பும். சாயங்காலம் கை நடுங்கி, தலை கிறுகிறுத்து, கண்ணில் படுகிற வடை, பஜ்ஜி எல்லாவற்றையும் தின்பேன். ராத்திரி மறுபடியும் ஒன்றும் இறங்காது. வகுப்பில் 11 மணிக்கு மேல் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி மறந்துபோகும். பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன், அப்புறம் தனியே போய் அழுவேன். மனசு சரியில்லாததால் சாப்பிடவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாப்பிடாததால் மனசு இன்னும் கீழே போகிறது என்பதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

டாக்டர் எஸ்சிடலோபிராம் மாத்திரை ஆரம்பித்தார். இந்த வகை மாத்திரையில் முதல் ஓரிரு வாரம் பலருக்கும் குமட்டல் இருக்கும். வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு மாத்திரை போடுகிறவளுக்குக் கேட்கவா வேண்டும்? மாத்திரையே வேண்டாம் என்று தூக்கிப் போடும் நிலைமைக்கு வந்திருந்தபோதுதான் அந்த ஒரு வரி என்னை அதே வராந்தாவின் கடைசி அறைக்கு அனுப்பியது.

டயட்டீஷியன் மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. மேசைமேல் மூன்று அளவில் கரண்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கிண்ணம், ஒரு டீஸ்பூன். அச்சடித்த டயட் சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

“நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயில போட்டது எல்லாத்தையும் சொல்லுங்க டீச்சர். தண்ணி, மாத்திரை, மிச்சர் எதையும் விடாதீங்க.”

சொல்லச் சொல்ல, கரண்டியையும் டம்ளரையும் என் பக்கம் நகர்த்தி, அளவைக் காட்டச் சொன்னார். அதன்பின் கேள்விகள். வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? சமைப்பது யார்? பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் எத்தனை மணிக்கு? மீன்காரம்மா தெருவுக்கு எப்போது வருவார்? வெள்ளி, செவ்வாயில் அசைவம் உண்டா? மாதத்தில் எந்த நாள்களில் விரதம்? மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகும்? உடம்பு சரியில்லாதபோது அம்மா என்ன செய்து தருவார்? இப்போது எந்த வாடையைக் கண்டால் குமட்டுகிறது? சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்? அழுகை எந்த நேரத்தில் அதிகம் வருகிறது?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் தாளின் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டார். காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை நேரம் குறித்தார். கோட்டுக்கு மேலே நான் சாப்பிட்டவை, கீழே நான் கலங்கிய நேரங்கள். காலை 7 மணி ரஸ்க்குக்கும் சாயங்காலம் 4:30 மணி வடைக்கும் நடுவில், டீயைத் தவிர, கோட்டுக்கு மேலே வெறுமை. அந்த வெறுமைக்கு நேர் கீழே, 11 மணியிலும் 3 மணியிலும், என் அழுகையும் கோபமும் மறதியும் வரிசையாக நின்றன. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? உடம்பு எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்ததுதான். அது என் 11 மணி வகுப்பைப் பற்றிய செய்தி என்று யாரும் சொன்னதில்லை.

அவரும் டாக்டரும் பேசிக்கொண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதினார்கள். தைராய்டு சரியாக இருந்தது. பி12 விளிம்பில். ஃபெரிட்டின் 9. உடம்பில் இரும்பின் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். நலமாக உள்ள பெரியவர்களுக்கே அது 15-க்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்பு குறைந்தால் மூச்சு வாங்கும், களைப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேடம் இன்னொன்றைச் சொன்னார். மூளையில் டோபமினையும் செரட்டோனினையும் தயாரிக்கும் நொதிகள் வேலை செய்யவும் இரும்பு வேண்டும். பி12-ம் ஃபோலேட்டும் குறைந்தாலும் மனநிலையும் ஞாபகமும் அடிவாங்கும். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போகிற பெண்களில் எத்தனை பேர் இந்தக் குறையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாகவும் வருகிறது, அந்த ஒரு வரிச் சீட்டின்மேல் பக்தியாகவும் வருகிறது.

இரும்பு மாத்திரையையும் பி12-ஐயும் டாக்டர் எழுதினார். அவை உடம்பில் சேரும்படி செய்கிற வேலையை மேடம் எடுத்துக்கொண்டார். ‘எனக்கென்று’ என்பதன் முழு ருசியும் எனக்குத் தெரிந்தது அங்கேதான். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இதைச் சொல்லி டீயை விடச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர். மேடம் என் டைம் டேபிளை வாங்கிப் பார்த்தார். காலைச் சாப்பாட்டை 7:15-க்கு வைத்தார். அப்போது 10:50 இன்டர்வெல் டீ தாராளமாக இருக்கலாம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கும் டீயை மட்டும் 3 மணி ஃப்ரீ பீரியடுக்குத் தள்ளினார். இரும்பு மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு போடச் சொன்னார், பாலோடு வேண்டாம் என்றார். மதிய டப்பாவில் நெல்லிக்காயோ கொய்யாவோ கட்டாயம். இரும்புச் சட்டி பரணில் இருந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி (மண்ணீரல்) சொல்லிவைக்கச் சொன்னார். பிள்ளை பெற்ற காலத்தில் அம்மா மிளகு போட்டு வதக்கித் தந்தது. இப்போது அதைச் சீட்டில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எல்லாவற்றிலும் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அவர் எழுதித் தந்த மூன்று தாள்களை. மனச்சோர்வில் இருக்கிறவளிடம் காலையில் முளைகட்டிய பயறு, மதியம் மூன்று காய், இரவு சிறுதானிய அடை என்று பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும்? வெங்காயம் உரிக்கவே கை எழாது. செய்ய முடியாமல் போன பட்டியலைப் பார்த்து இன்னும் நொந்துபோவாள். அதனால் அவர் மூன்று விதமான நாள்களுக்கு மூன்று சாப்பாடு எழுதினார்.

முதல் தாளின் தலைப்பு ‘ஒண்ணுமே முடியாத நாள்’. அன்றைக்கு நான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். டப்பாவில் தயாராக இருக்கும் பொட்டுக்கடலைப் பொடி இரண்டு கரண்டி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம்: இது காலைச் சாப்பாடு. இதைக் குடித்துவிட்டுத்தான் மனச்சோர்வு மாத்திரை. மதியம் பழைய சோறு, தயிர், சின்ன வெங்காயம், கணவர் அவித்து வைத்துவிட்டுப் போகிற முட்டை. ராத்திரி கடை இட்லி, சாம்பார். “கடை இட்லி வாங்குனா தப்பில்ல டீச்சர். பட்டினியாப் படுத்தாத்தான் தப்பு” என்று சிவப்பு மையால் கோடு போட்டுத் தந்தார்.

இரண்டாம் தாள் ‘ஏதோ முடியுற நாள்’. ஒரே குக்கரில் அரிசி, பாசிப்பருப்பு, கைப்பிடி முருங்கைக்கீரை, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. சோறு மட்டும் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறி அதே வேகத்தில் இறங்கும். பருப்பும் கீரையும் எண்ணெயும் கூட இருந்தால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். என் 3 மணிச் சரிவுக்கு அவர் வைத்த முட்டு அது.

மூன்றாம் தாள் ‘நல்லா இருக்கிற நாள்’. அதில் எங்கள் பக்கத்து உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வேகவைத்து, எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிடுவது. கூடவே சாளைக் குழம்பு. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள், நோய் வந்த பிறகு மீன் வாடையே ஆகாமல் கிடந்தேன். மேடம் வற்புறுத்தவில்லை. முதலில் நெத்திலிக் கருவாடு வறுத்து ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னார். அது இறங்கியதும் சாளையைப் புட்டாகச் செய்துபார்க்கச் சொன்னார். சீலா மீன் வாங்கக் காசு இல்லையே என்று யாரும் வருந்த வேண்டாம், மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு விலை குறைந்த சாளையிலும் காணாங்கெளுத்தியிலும்தான் தாராளம் என்றார். பி12-ம் அதிலேயே வந்துவிடுகிறது. செடிகொடியில் இருந்து வருகிற சாப்பாட்டில் பி12 கிடையாது என்பதால், பாலும் தொடாத சைவக்காரர்கள் இதை மாத்திரையாகவோ ஊசியாகவோ டாக்டர் சொல்படிதான் ஈடுகட்ட வேண்டும். சைவத்தில் பால், தயிர் ஓரளவு கைகொடுக்கும்.

காலையில் எழுந்து மனசைப் பார்த்து, இன்றைக்கு எந்தத் தாள் என்று தேர்ந்தெடுப்பேன். எந்தத் தாளை எடுத்தாலும் அன்றைக்கு நான் ஜெயித்தவள். நோயாளியின் கையில் ஜெயிக்கக்கூடிய ஒரு காரியத்தைக் கொடுத்தாரே, இதைவிடப் பெரிய புத்திசாலித்தனத்தை நான் எந்த நிபுணரிடமும் பார்த்ததில்லை.

முதலில் தணிந்தது குமட்டல். பொட்டுக்கடலைப் பால் உள்ளே போன பிறகு மாத்திரை போட ஆரம்பித்ததும் அது தாங்கக்கூடியதாகிவிட்டது. மாத்திரை நிற்காமல் தொடர்ந்ததே அதனால்தான். அடுத்து 11 மணிக் கணக்கு. வகையீட்டில் ஒரு நீளமான கணக்கைத் தொடங்கி நடுவில் தடுமாறாமல் கடைசி வரி வரை போய் முடித்தேன். பிள்ளைகளுக்கு அது சாதாரணம், எனக்குத் திருவிழா. இரும்பு ஏறுவதற்குப் பல வாரங்கள் ஆகின. அதற்குள் மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு அடங்கியது, சாயங்காலக் கைநடுக்கம் போனது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் குணம் தணிந்தது. கடைசியாகத்தான் அந்த அடிவயிற்றுத் துக்கம் இளகியது. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கவுன்சலிங்கின் பங்கு எவ்வளவு, சாளையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் கோபமாகவே ‘கூடாது’ என்கிறேன். மேடமும் முதல் நாளே அப்படித்தான் சொன்னார்.

அவர் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சுக்கு நான் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அங்கே உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்தான் இந்த வைத்தியத்தின் முழு உருவம் எனக்குத் தெரிந்தது. லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒரு பையனின் அம்மா, பிளட் பிரஷருக்கு நல்லதென்று வீட்டில் உப்பைத் திடீரென்று குறைக்க இருந்தார். உப்பும் தண்ணீரும் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அந்தப் பையனுக்கு மேடம் எழுதித் தந்தது, தினமும் ஒரே அளவு உப்பு, தினமும் ஒரே அளவு தண்ணீர், நீண்ட பட்டினி விரதம் கூடாது. ஒலான்சபின் சாப்பிடும் இன்னொருவருக்குப் பசி அடங்கவே அடங்காது, எடை ஏறிக்கொண்டே போனது. அது அந்த மாத்திரையின் குணம். வாயைக் கட்டத் தெரியாதவர் என்று வீட்டார் ஏசிக்கொண்டிருந்த மனிதருக்கு, வயிறு நிறையும்படி சுண்டலும் காயும் மோரும் வைத்து ஒரு முறை வகுத்துக் கொடுத்து, வீட்டாருக்கும் விளக்கிச் சொன்னார்.

சர்க்கரை நோயுள்ள ஒரு தாத்தாவுக்கு முற்பகலில் திடீரென்று படபடப்பு, வியர்வை, நடுக்கம் வரும். பதற்ற நோய் என்று நினைத்து வந்தார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய், சாப்பிடத் தாமதமாகும் நாள்களில் மட்டும் அது வருகிறது என்று மேடத்தின் நேர்கோடு காட்டிக்கொடுத்தது. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னார், சர்க்கரை தாழ்ந்திருந்தது. டாக்டர் மாத்திரையைச் சரிசெய்தார், தாத்தா இட்லி சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போகிறார். உடம்பை வருத்திப் பட்டினி கிடக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எடை மெஷினில் எண் தெரியாதபடி திருப்பி நிற்கவைத்துத்தான் எடை பார்த்தார். கலோரி என்ற சொல்லையே அவளிடம் உச்சரிக்கமாட்டார். ஒருவருக்கு அளவு சொல்வது மருந்து, இன்னொருவருக்கு அளவு சொல்லாமல் இருப்பது மருந்து. ஒரே பெஞ்சு, ஒரே பிற்பகல், ஒருவர் சீட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் கெடுதல்தான். வீடியோக்களில் எல்லோருக்கும் ஒரே உணவைச் சிபாரிசு செய்கிறவர்களைப் பார்க்கும்போது இந்தப் பெஞ்சுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

உடம்பு தேறியதும் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெலிஸ் ஜாக்காவும் அவர் குழுவும் 2017-ல் வெளியிட்ட ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 67 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்திலோ கவுன்சலிங்கிலோ இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு 12 வாரங்களில் ஏழு முறை டயட்டீஷியன் ஆலோசனை. மறு பாதிப் பேருக்கு அதே எண்ணிக்கையில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து நட்பாகப் பேசினார். முடிவில் முதல் குழுவில் சுமார் 32 சதவீதம் பேர் மனச்சோர்வின் எல்லையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள், இரண்டாவது குழுவில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைத்துச் செய்ய முடியாத ஆய்வும்கூட. ஆனால் எனக்கு நடந்ததை யாரோ கடல் தாண்டி எண்ணிப் பார்த்திருக்கிறார்களே! இன்னொரு செய்தி அதிலேயே இருந்தது: புதிய சாப்பாட்டுக்கு ஆன வாரச் செலவு, அவர்கள் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்கு ஆன செலவைவிடக் குறைவு. 2022-ல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களிடம் செய்த ஆய்விலும் உணவை மாற்றிய குழுவுக்கு நல்ல பலன் தெரிந்தது.

மாறாக, ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 1,025 பேரிடம் நடந்த ‘மூட்ஃபுட்’ ஆய்வு 2019-ல் வெளியானது. எடை கூடிய, லேசான சோர்வு அறிகுறிகள் மட்டும் உள்ளவர்களுக்குச் சத்து மாத்திரைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். உணவுப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு வருவதை இரண்டுமே தடுக்கவில்லை. இதைப் படித்து நான் சோர்ந்துபோகவில்லை. யாருக்கு என்ன குறை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுவதற்கும், 9-ல் நிற்கும் ஃபெரிட்டினைப் பார்த்து இரும்பு கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம்!

என்னை உலுக்கிப்போட்டது இன்னும் பழைய செய்தி. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். மனநலத்திலும் தேறியவர்கள் என்று பார்த்துப் பொறுக்கியெடுத்த இளைஞர்கள் அவர்கள். வாரங்கள் போகப் போக எரிச்சல், துக்கம், யாரோடும் பேசப் பிடிக்காமை, எதிலும் கவனம் நில்லாமை எல்லாம் வந்தன. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த விவரத்தைப் படித்தபோது திரும்பி வந்த என் மதிய டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மேடத்திடம் உற்சாகமாகக் கேட்டேன். உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறதாமே என்றேன். உருவாவது உண்மை, ஆனால் அது ரத்தத்தில் இருந்து மூளைக்குள் நேராக நுழையாது என்று பொறுமையாக விளக்கினார். குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாகவும் வேறு பல வழிகளிலும் பேசிக்கொள்கின்றன, நார்ச்சத்தும் தயிரும் குடலுக்கு நல்லது, அவ்வளவு வரை நிச்சயமாகச் சொல்லலாம் என்றார். தெரிந்ததை மட்டும் சொல்கிற அந்த நிதானத்துக்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அவர் மேசையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும்: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை. நம் நாட்டின் 528 உணவுப் பொருள்களில் என்ன சத்து எவ்வளவு என்று அதில் இருக்கிறது. அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடத்தில் இருந்து வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டு விதைக்கும் வெண்ணெய்ப் பழத்துக்கும் போகாமல் என் முருங்கைக்கீரையையும் உளுந்தையும் சாளையையும் வைத்தே அவரால் கணக்குப் போட முடிந்தது அந்தப் புத்தகத்தால்தான்.

இனிப்பு விஷயத்திலும் அவர் தெளிவு எனக்குப் பிடிக்கும். உடன்குடிக் கருப்பட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. “ருசிக்காகச் சாப்பிடுங்க, மருந்துன்னு சாப்பிடாதீங்க, அதுவும் சர்க்கரைதான்” என்றார். அதே சமயம் எங்கள் ஊர் மக்ரூனை அவர் தடுக்கவே இல்லை. ஆசையாகச் சாப்பிட ஒன்று வேண்டும் என்று தோன்றுவதே குணமாவதன் அடையாளம் என்று சொல்லி, சாயங்காலம் சுண்டலுக்குப் பிறகு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். சஷ்டி விரதத்தையும் விடச் சொல்லவில்லை. முழுப் பட்டினியைப் பால், பழம், மோர் விரதமாக மாற்றி, மாத்திரை நேரத்துக்கு ஏதாவது வயிற்றில் இருக்கும்படி அமைத்துத் தந்தார். என் சாமியையும் என் ஊர் பேக்கரியையும் என்னிடமிருந்து பறிக்காமல் என்னைக் குணப்படுத்தியவர் அவர்!

உங்கள் வீட்டில் யாராவது மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் டயட்டீஷியனைப் பார்க்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் டயட்டீஷியன் இருப்பார்கள். வெளியே பார்ப்பதானால் ஊட்டச்சத்துப் படிப்பில் பட்டம் பெற்றவரா, மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரா என்று விசாரியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமும், பவுடர் டப்பா விற்கிறவரிடமும் போகவே போகாதீர்கள். இன்னும் டாக்டரிடமே போகாதவர்களுக்கு டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் என்னைத் தவிரச் சமைப்பவர் என் அத்தை. இரண்டாவது முறை போனபோது அத்தையையும் அழைத்துவரச் சொன்னார் மேடம். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். தன் சமையலில் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பு. மேடம் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, “ஆச்சி, உளுந்தஞ்சோத்துக்கு உளுந்தை எந்த நிறம் வர வரைக்கும் வறுப்பீங்க?” என்று கேட்டார். அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரிசி எத்தனை பங்கு, பூண்டு எத்தனை பல், எள்ளுத் துவையலுக்குப் புளி எப்போது சேர்க்க வேண்டும் என்று அத்தை சொல்லச் சொல்ல, மேடம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். வாரம் இரண்டு நாள் அதைச் செய்யும் பொறுப்பு அத்தையுடையது என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அத்தை இன்றைக்கும் யாரிடமும் கொடுப்பதில்லை.